புயலைப் படிக்க ஒரு நாடு போதாது

உலகக் கடல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. வடமேற்குப் பசிபிக்கில் மட்டும் சராசரியாக 25 பிறக்கின்றன. வங்கக்கடலும் அரபிக்கடலும் சேர்ந்த வட இந்தியப் பெருங்கடலுக்குக் கிடைப்பது சுமார் ஐந்து. அந்த ஐந்தும் இந்தியா, வங்கதேசம், மியான்மர், இலங்கை, ஓமன், ஏமன் என்று பல கரைகளுக்குப் பிரிந்து போகின்றன. ஆகவே மஸ்கட்டிலோ யாங்கோனிலோ வேலை பார்க்கும் வானிலை அலுவலர் ஒருவர், தம் பணிக்காலம் முழுவதிலும் உண்மையிலேயே பெரிய புயல் ஒன்றை ஒருமுறை சந்தித்தால் அதிகம். அந்த ஒருமுறை வரும்போது, தம் நாடு தராத அனுபவம் அவருக்குத் தேவைப்படுகிறது.

2007 ஜூனில் கோனு புயல் ஓமனை நோக்கி வந்தது. அதுவரை அரபிக்கடலில் பதிவான புயல்களில் அதுவே மிக வலுவானது. மறு ஆண்டு மே 2 அன்று நர்கீஸ் மியான்மரின் ஐராவதி கழிமுகத்துக்குள் புகுந்தது. அந்தக் கழிமுகத்தில் அப்படியொரு புயல் நுழைந்ததை அங்கு வாழ்ந்தவர்கள் எவரும் பார்த்ததில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டி விடை தேட வழியில்லாத இரவுகள் இவை. புயல் முன்கணிப்பாளர்களுக்குப் பன்னாட்டுப் பயிற்சி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. இன்னொரு கடலின் அனுபவத்தைக் கடன் வாங்குவதே அந்தப் பயிற்சி. கடன் வாங்கியதில் எது ஊருக்கு வந்து சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்க முயல்கிறது.

1970க்குப் பின்

இந்தப் பயிற்சி ஏற்பாடுகளின் பெரும்பகுதி ஒரே ஒரு பேரழிவுக்குப் பிறகு உருவானது. 1970 நவம்பர் 12 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. புயலுக்குப் பின் நடந்த கள ஆய்வு ஒன்று சொன்ன செய்தி இன்றும் உறுத்துகிறது: அப்பகுதி மக்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்குப் புயல் வருவது தெரிந்திருந்தது, உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியவர்களோ ஒரு விழுக்காடு அளவே. எச்சரிக்கை காதுக்குப் போயிருந்தும் உயிரைக் காக்கவில்லை.

ஐ.நா. பொதுச்சபை தலையிட்டதைத் தொடர்ந்து உலக வானிலை அமைப்பு புயல்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1980இல் அது நிரந்தரத் திட்டமாக உயர்ந்தது. வங்கக்கடல், அரபிக்கடல் நாடுகளுக்கான புயல் குழு 1972இல் அமைந்தது. பசிபிக் பக்கத்தில் சூறாவளிக் குழு 1968 முதலே இயங்கி வந்தது. இன்று மயாமி, டோக்கியோ, புதுதில்லி, ரீயூனியன் தீவு, பிஜியின் நாடி, ஹொனலூலு ஆகிய ஆறு இடங்களில் மண்டலச் சிறப்பு மையங்கள் உள்ளன. தம் கடலில் உருவாகும் புயலைக் கண்காணித்து அண்டை நாடுகளுக்கு ஆலோசனை அனுப்புவது இவற்றின் அன்றாடக் கடமை. அந்த நாடுகளின் அலுவலர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதே கடமையின் மறுபாதி.

மயாமியில் அட்லாண்டிக் புயல் பருவம் ஜூனில் தொடங்கும் முன்பே கரீபிய, மத்திய அமெரிக்க நாடுகளின் அலுவலர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடக்கும். பாடங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படும். ரீயூனியனில் மடகாஸ்கர், மொசாம்பிக், கொமொரோஸ் அலுவலர்கள் வந்து படிக்கிறார்கள். தென்பசிபிக் தீவுகளுக்கு ஆஸ்திரேலிய வானிலைத் துறை துணை நிற்கிறது. புதுதில்லியில் 2005 முதல் புயல் குழு நாடுகளின் அலுவலர்கள், நாட்டுக்கு ஒருவர் இருவராக வந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் மையத்தின் முன்கணிப்பாளர்களுடன் உட்கார்ந்து வேலை பழகுகிறார்கள். ஒரு கட்டத்தில் எட்டு நாடுகள் இருந்த அந்தக் குழுவில் ஈரான், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் சேர்ந்து இப்போது பதின்மூன்று நாடுகள் உள்ளன. இவற்றுக்கு மேலாக, ஆய்வாளரும் களப்பணியாளரும் ஒரே அறையில் கூடும் பன்னாட்டுப் புயல் பயிலரங்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1985இல் பாங்காக்கில் தொடங்கிய அந்த வரிசையின் பத்தாவது கூட்டம் 2022 டிசம்பரில் பாலியில் நடந்தது.

மேகத்தைப் பார்த்துக் காற்றை அளப்பது

பயிற்சி அறைக்குள் நடப்பது என்ன? அதன் நடுநாயகம் ஒரு செயற்கைக்கோள் படம்.

அட்லாண்டிக்கில் புயல் வந்தால் அமெரிக்க விமானங்கள் அதன் கண்ணுக்குள் பறந்து காற்றையும் அழுத்தத்தையும் நேரடியாக அளக்கின்றன. வடமேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா நடத்திவந்த அத்தகைய வழக்கமான பறப்புகள் 1987இல் நின்றன. வங்கக்கடலுக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. நடுக்கடலில் நிற்கும் புயலின் காற்று வேகம் எவ்வளவு என்பதை இங்குள்ளவர்கள் முதன்மையாக மேகத்தின் உருவத்திலிருந்துதான் கணிக்க வேண்டும். அதற்கு வழி சொன்னவர் அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக். 1970களில் அவர் வகுத்த முறை இன்றும் உலகின் எல்லாப் புயல் மையங்களிலும் புழங்குகிறது. மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, கண் தெரிகிறதா, கண்ணின் வெப்பத்துக்கும் அதைச் சூழ்ந்த மேக உச்சியின் குளிருக்கும் வேறுபாடு எவ்வளவு என்று பார்த்து, ஒன்று முதல் எட்டு வரையுள்ள ‘டி’ எண்களில் ஒன்றை அலுவலர் கொடுக்கிறார். டி 2.5 என்றால் காற்று 35 நாட், அதாவது மணிக்கு 65 கி.மீ. தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது என்று பொருள். டி 4.0 என்றால் 65 நாட்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிற இந்த முறை கையில் பழக நாளாகும். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு அனுபவசாலிகள் அரை எண் வேறுபடுவது வழக்கமான ஒன்று. அந்த அரை எண்ணின் விலையைப் பாருங்கள்: டி 4.5 என்பது 77 நாட், டி 5.0 என்பது 90 நாட். மணிக்கு 24 கி.மீ. வேறுபாடு. வகைப்பாட்டிலும் புயல் ஒரு படி மேலே போய்விடுகிறது. வெளியேற்றும் ஆணையில் கையெழுத்திட வேண்டிய மாவட்ட ஆட்சியருக்கு அது இரண்டு வேறு செய்திகள். இதனால்தான் தில்லியிலும் மயாமியிலும் பழைய புயல்களின் படங்களைப் பரப்பி, ஒவ்வொருவரையும் தனியாக எண் போடச் சொல்லிப் பிறகு ஒப்பிட வைக்கிறார்கள். ஏன் அந்த எண்ணைப் போட்டாய் என்று சக அலுவலர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகுவது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. இணையவழிப் பாடங்கள் இப்போது ஏராளமாக உள்ளன, அவை நல்லவையும்கூட. ஆனால் இந்த ஒரு பயிற்சிக்காகவாவது ஆட்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதோடு சேர்ந்தே வருகிறது இன்னொரு குழப்பம். காற்றின் வேகத்தை எத்தனை நிமிடச் சராசரியாகச் சொல்வது? அமெரிக்கா ஒரு நிமிடம் என்கிறது. இந்தியா மூன்று நிமிடம். உலக வானிலை அமைப்பின் பொது அளவு பத்து நிமிடம். சராசரி எடுக்கும் நேரம் குறையக் குறைய எண் பெரிதாகத் தெரியும். மாலத்தீவிலோ கொழும்பிலோ இரவுப் பணியில் இருக்கும் அலுவலர், இணையத்தில் அமெரிக்கக் கடற்படை மையம் தரும் எண்ணையும் தில்லியிலிருந்து வரும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றையே வேறு அளவில் சொல்கின்றனவா, உண்மையிலேயே கருத்து வேறுபாடா என்று பிரித்தறிய அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்தியாளர்கள் பெரிய எண்ணைத்தான் எடுப்பார்கள்.

2013 அக்டோபரில் ஃபைலின் ஒடிசாவை நெருங்கியபோது இது வெளிப்படையாகவே நடந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதை 1999இன் சூப்பர் புயலுக்கு நிகராகவும் மேலாகவும் பேசினார்கள். இந்திய வானிலைத் துறை தன் மதிப்பீட்டை மாற்றவில்லை. அக்டோபர் 12 இரவு கோபால்பூர் அருகே புயல் கரையைக் கடந்தபோது காற்று அந்த மதிப்பீட்டை ஒட்டியே இருந்தது. 1999இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம், இந்த முறை சுமார் பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியது. இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. கணினி மாதிரிகள் அன்று எல்லோருக்கும் கிடைத்தன. தன் எண்ணில் நிற்கும் தைரியம், பல புயல்களை அலசிப் பார்த்த பழக்கத்திலிருந்து வந்தது.

கண்ணைப் பார்த்தால் போதுமா

இங்கேதான் எனக்குக் குறை தெரிகிறது. பயிற்சிகளின் நேரத்தில் பெரும்பங்கு புயலின் மையம் எங்கே, வலு எவ்வளவு, தடம் எது என்ற மூன்றுக்கே போகிறது. அதற்குப் பலன் இல்லாமல் இல்லை. கடந்த முப்பது ஆண்டில் தடக் கணிப்பின் பிழை உலகெங்கும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். அமெரிக்கத் தேசியப் புயல் மையத்தின் துணை இயக்குநராக இருந்த எட்வர்ட் ராப்பாபோர்ட், 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்களால் அமெரிக்காவில் நேர்ந்த நேரடி இறப்புகளைக் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீரால் நேர்ந்தவை. அதில் பாதிக்கு மேல் கரையேறிய கடல், அடுத்த பெரும் பங்கு மழைவெள்ளம். காற்றால் இறந்தோர் மிகச் சிலர். அந்த மையம் கடல்நீர் ஏற்றத்துக்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடத் தொடங்கியது 2017இல்தான்.

வங்கக்கடல் இதற்குப் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறது. வடக்கே புனல்போலக் குறுகும் கடல், ஆழமில்லாத கடற்படுகை, கடல் மட்டத்தோடு ஒட்டிய கழிமுகங்கள். இவை மூன்றும் சேர்ந்தால் நடுத்தரப் புயல்கூடக் கடலை மைல் கணக்கில் உள்ளே தள்ளிவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் பாம்பனிலிருந்து வந்த ரயிலை மூழ்கடித்ததும் ஆழமற்ற பாக் நீரிணையில் எழுந்த அந்த நீர்தான்.

நர்கீஸ் இந்தப் பாடத்தின் மிகக் கசப்பான பக்கம். தில்லி மையம் மியான்மருக்குத் தொடர்ந்து ஆலோசனைகள் அனுப்பியது. எங்கே, எவ்வளவு வலுவோடு கரையைக் கடக்கும் என்பதைச் சுமார் 48 மணி நேரம் முன்னரே தெரிவித்ததாக இந்திய அதிகாரிகள் அப்போது கூறினார்கள். புயலின் தடம் தெரிந்திருந்தும், இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறத்தாழ 1,38,000 பேர். தண்ணீர் எத்தனை அடி உயரும், எந்த ஊர் வரை வரும், யார் எங்கே போக வேண்டும் என்பதை ஊர் பெயரோடு சொல்லும் வரைபடமோ ஒதுங்குவதற்கு மேடான கட்டடமோ கழிமுக மக்களிடம் இல்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் உலக வானிலை அமைப்பு கடல்நீர் ஏற்றத்துக்கான கண்காணிப்பு முறையை ஏற்படுத்தச் சொன்னது. தில்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய கடல்நீர் ஏற்ற மாதிரியைக் கொண்டு தில்லி மையம் அண்டை நாடுகளுக்கு அந்த ஆலோசனையையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. தில்லியில் பயிற்சிக்கு வருகிறவர்களின் பாடத்திலும் அது இடம்பெற்றது. நல்ல மாற்றம், ஆனால் போதாது. அந்த மாதிரி சரியாக இயங்க வேண்டுமென்றால் அந்தந்தக் கரையின் கடல் ஆழம், நில உயரம், ஓத நேரம் எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அவை பயிற்சி அறையில் கிடைப்பவை அல்ல. அலுவலர் தம் நாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியவை.

2013 நவம்பர் 8 அன்று பிலிப்பீன்ஸில் ஹையான் புயல் 6,300 பேரைக் கொன்றது. கடல் பல மீட்டர் உயரும் என்று அந்நாட்டு வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆனாலும் டக்லோபானில் மக்கள் ஒதுங்கியிருந்த புகலிடங்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. புகலிடப் பட்டியல் தயாரித்தவரும் கடல்நீர் உயரத்தைக் கணித்தவரும் புயலுக்கு முன் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டடங்கள் பட்டியலில் இருந்திருக்காது. 2019 மார்ச்சில் மொசாம்பிக்கின் பெய்ரா நகரை அழித்த இடாய் புயலிலும் அப்படியே. ரீயூனியன் மையம் புயலைப் பல நாள் முன்னரே தடம் பிடித்திருந்தது. அதே புயல் மாதத் தொடக்கத்தில் ஒருமுறை உள்நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கடலுக்குத் திரும்பி வலுவேறி, 14ஆம் தேதி இரவு மீண்டும் வந்தது. ஏற்கெனவே நனைந்து நிரம்பியிருந்த ஆற்றுப்படுகைகள் உள்நாட்டில் ஒரு கடலையே உருவாக்கின. புயல் பயிற்சியில் ஆறு பற்றிய பாடம் ஏன் வேண்டும் என்பதற்கு இடாயே விடை.

மாறாக வங்கதேசத்தைப் பாருங்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர். 2007இல் சிதர் வந்தபோது மூன்றரை ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. அதுவும் பெருந்துயரமே, ஆனால் அளவே வேறு. டாக்காவில் இருந்த முன்கணிப்பாளர்கள் திடீரென்று மேதைகளாகிவிட்டதால் இந்த மாற்றம் வரவில்லை. கான்கிரீட் புகலிடங்களும், செஞ்சிலுவை அமைப்பின் துணையோடு 1970களில் தொடங்கி இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டிருக்கும் புயல் தயார்நிலைத் திட்டமும் அவர்களுடைய அறிக்கையைக் கையில் வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோயின. பயிற்சிக்கு முன்கணிப்பாளரை மட்டும் அழைப்பது ஏன் அரைகுறை என்று கேட்டால் நான் வங்கதேசத்தைத்தான் காட்டுவேன்.

வேகமாக வலுப்பெறும் புயல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் காற்று 30 நாட் அல்லது அதற்கு மேல் கூடினால் அதை விரைவு வலுவேற்றம் என்கிறார்கள். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரு சாதாரணப் புயலாக இருந்து ஒரு நாளுக்குள் ஐந்தாம் வகையாகி மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. உலகின் மிக வளமான புயல் மையமே அதை முந்தின நாள் எதிர்பார்க்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி கன்னியாகுமரிக்கு அருகே தாழ்வு மண்டலத்திலிருந்து ஒரு நாளில் புயலானபோது, ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றினாலும் அது நடுக்கடலில் தெரியாது. பயிற்சிகளில் இப்படிக் கணிப்புக்குத் தப்பிய புயல்களுக்கு வெற்றிக் கதைகளைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பியவர்கள்

சிறிய நாடுகளின் வானிலை அலுவலகங்களில் முன்கணிப்பாளர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பார்கள். ஒருவர் இரண்டு வாரம் வெளிநாடு போனால் மற்றவர்கள் அவருடைய இரவுப் பணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பி வந்தவர் சில ஆண்டில் பதவி உயர்ந்து நிர்வாகத்துக்குப் போய்விடுவார், அல்லது நல்ல சம்பளத்துக்கு வேறு நாட்டுக்குப் போவார். பயிற்சி ஆளுக்குக் கிடைத்தது, அலுவலகத்துக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலான ஏற்பாடுகள் சான்றிதழ் கொடுப்பதோடு முடிந்துவிடுவதுதான் இதன் வேர். 2006இல் தெற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய கடும் வானிலை முன்கணிப்புத் திட்டம் இந்தக் குறையை ஓரளவு போக்கியது. உலக மையங்கள் மண்டல மையத்துக்கும், மண்டல மையம் நாட்டு அலுவலகத்துக்கும் அன்றாடம் வழிகாட்டுதல் அனுப்பும் முறை அது. பயிற்சியும் அந்த அன்றாட வேலையோடு இணைந்தே நடக்கிறது. கற்றதை மறுநாளே பயன்படுத்த வேண்டியிருப்பதால் மறப்பதற்கு இடமில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக்கால முன்கணிப்பு மையம் 2025 பிப்ரவரியில் தன் மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கூகுள் நிறுவனம் அதே ஆண்டு அமெரிக்கப் புயல் மையத்தோடு இணைந்து புயல்களுக்கென்றே ஒரு மாதிரியைச் சோதித்தது. வறிய நாட்டு அலுவலகத்துக்கு இது பெரிய வரவு. மாபெரும் கணினி இல்லாமலே தரமான தடக் கணிப்பு கைக்குக் கிடைக்கிறது. ஆனால் இத்தகைய மாதிரிகளில் பல, வலுவான புயலின் காற்றைக் குறைத்துக் காட்டும் குணம் உடையவை. தடத்தை நம்பலாம், வலுவைச் சரிபார்க்க வேண்டும் என்ற பகுத்தறிவை யார் கற்றுக்கொடுப்பது? டுவோராக் எண்ணைக் கையால் போட்டுப் பழகிய அலுவலருக்குத்தான் திரையில் தெரியும் எண் பொருந்தவில்லை என்பது உறைக்கும். அந்தப் பழைய பாடத்தைக் கைவிட்டுவிடலாம் என்று எழும் குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2027க்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. 2022இல் இலக்கு வைத்தது. இலக்குக்கு ஏற்றபடி பயிற்சியும் மாற வேண்டும். தில்லிக்கும் மயாமிக்கும் நாடிக்கும் வருகிற ஒவ்வொருவரும் தம் கரையின் ஆழ வரைபடத்தையும் ஓதக் கணக்கையும், தம் நாட்டைத் தாக்கிய கடைசிப் புயலில் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்ற பதிவையும் கையோடு கொண்டுவரட்டும். அவரோடு பேரிடர் மேலாண்மை அலுவலர் ஒருவரும் வரட்டும். எந்தப் புயல் வந்தால் எந்த ஊரில் எத்தனை அடி தண்ணீர் என்ற அட்டவணையை இருவரும் சேர்ந்து தயாரித்து எடுத்துப் போகட்டும். கற்பித்தவர்களில் ஒருவர் அடுத்த புயல் பருவத்தில் அந்த அலுவலகத்துக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் இரவுப் பணி பார்க்கட்டும். இதற்கு ஆகும் செலவு சில விமானச் சீட்டுகளும் தங்குமிடமும்தான். வங்கக்கடல் நாடுகளின் புயல் குழு தன் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே இதை முடிவு செய்யலாம். இந்தியா அதை முன்மொழிய வேண்டும்.